செரோட்டோனின்: சொல் விளக்கம்

கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளைப் பற்றிப் படிப்பவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘செரோட்டோனின்’; உயிரணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் அது. 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும், குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரிலிருந்து குருதிக் குழாய்களைச் சுருக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து அதற்கு இப்பெயரைச் சூட்டினர். ‘சீரம்’ என்னும் லத்தீன் சொல்லுக்குப் பால் திரிந்தபின் தெளியும் நீர் என்பது பழைய பொருள். ‘டோனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இறுக்கம் என்று பொருள்; இவ்விரண்டும் சேர்ந்ததே இப்பெயர். இதே பொருளை இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களிலேயே குடலில் கண்டு வேறு பெயரிட்டிருந்தார். மூளையிலும் அது இருப்பது 1953-இல்தான் வெளிப்பட்டது.

ஆகவே, ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று இன்று பரவலாக எழுதப்படுவதை என்னால் ஏற்க இயலவில்லை. உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உள்ளது. ‘குருதி இறுக்கி’ என்று வேரைப் பெயர்த்தாலும் அதன் ஒரு வேலை மட்டுமே தெரியும். எனவே ஒலிபெயர்ப்பே தக்கது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்து வகையொன்றின் பெயரைத் தமிழாக்குவதோ பயனுடையது: ‘தேர்ந்த செரோட்டோனின் மீளுறிஞ்சல் தடுப்பி’. உயிரணுக்கள் வெளியிட்ட செரோட்டோனினை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி இம்மருந்து தடுக்கிறது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

அந்தத் தடுப்பு மூளையோடு நின்றுவிடுவதில்லை. பால் சுரப்பியும் செரோட்டோனினை உண்டாக்குகிறது. அந்தச் செரோட்டோனின் ‘பாராதைராய்டு ஹார்மோன் சார் புரதம்’ என்பதைச் சுரக்கத் தூண்ட, அப்புரதம் குருதிவழி எலும்பை அடைந்து, பாலுக்கு வேண்டிய கால்சியத்தைக் கரைத்தெடுக்கச் செய்கிறது. நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை கால்சியம் இவ்வாறு தாய்ப்பாலில் சேர்வதால், பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி குறைவது இயல்பே. பால்குடி மறந்தபின் பெரும்பாலும் அது மீண்டுவிடும். செரோட்டோனின் அளவுக்கு மேல் நீடித்தால் அந்த மீட்சி என்னவாகும் என்பதே கேள்வி. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் ஃபுளுவாக்செட்டின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில், குட்டிகள் பால்குடி மறந்த பின்னும் தாயின் எலும்பிழப்பு நீடித்ததை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லாரா ஹெர்னாண்டஸின் ஆய்வுக்குழு கண்டது.

சுண்டெலியில் கண்டதை அப்படியே தாய்மார்மீது ஏற்றிவிடக் கூடாது. சிகிச்சை பெறாத மனச்சோர்வு தாயையும் சேயையும் கடுமையாகப் பாதிக்கும். மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருந்தைத் தொடர்ந்துகொண்டே, முன்பு எலும்பு முறிந்திருந்தாலும் குடும்பத்தில் எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) இருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லிக் கால்சியம், வைட்டமின் டி அளவுகளைக் கேட்டறியலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் திடீரென எழும் கடும் முதுகுவலி, அரிதாக, முதுகெலும்பு நொறுங்கியதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதை வெறும் அசதி என்று ஒதுக்காமல் பரிசோதிக்க வேண்டும்.