மின்கசிவு வேறு, குறுக்குச்சுற்று வேறு

'மின்கசிவு காரணமாகத் தீ விபத்து.' கடை எரிந்தாலும், கூரை வீடு எரிந்தாலும், நிறுத்தி வைத்த பைக் எரிந்தாலும் செய்தியில் இந்த ஒரே வரிதான். செய்தியோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். இப்போது தர்மபுரிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களும் ஷார்ட் சர்க்யூட்டுக்குத் தமிழ் மின்கசிவு என்றே நம்புகிறார்கள். அது தவறு.

சர்க்யூட் இலத்தீன் வழி வந்த சொல். சுற்றிப் போதல் என்று பொருள். பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பும் மின்சாரம் பல்பையோ ஹாரனையோ இயக்கிவிட்டு மறு முனைக்குத் திரும்ப வேண்டும். எதையும் இயக்காமல் நேரே திரும்பினால் அது ஷார்ட் சர்க்யூட். இன்றைய பைக்குகளில் பாடியே நெகட்டிவ். பாசிட்டிவ் வயரின் மேல்தோல் உரிந்து செம்பு பாடியைத் தொட்டால் போதும், தடையே இல்லாமல் கரண்ட் பாயும், பியூஸ் போகும். பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் வயரே எரியும்.

கசிவு அப்படியா? மண்பானை கசிந்தால் அடியில் ஈரம் தெரியும். பானை ஒரு நொடியில் காலியாவதில்லை. பைக்கிலும் இப்படி ஒரு கோளாறு உண்மையிலேயே உண்டு. சாவியை எடுத்த பிறகும் பேட்டரியை சார்ஜ் செய்ய ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பழுதாகி அதன் வழியாகவோ, பிற்பாடு மாட்டிய அலாரம் வழியாகவோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி கணக்கு. 5 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கைந்து நாளில் படுத்துவிடும். பியூஸ் போகாது, வயர் சுடாது. மின்கசிவு என்ற சொல் இதற்குத்தான் வேண்டும். அதைத் தூக்கி ஷார்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் இதை என்னவென்று சொல்வது?

வீட்டு வயரிங்கைப் பாருங்கள். ஷார்ட் ஆனால் விழுவது எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச். கசிவுக்கு விழுவது ஆர்சிசிபி, அதாவது போன கரண்ட் முழுதும் திரும்பாவிட்டால் அணையும் சுவிட்ச், அதுவும் 30 மில்லிஆம்பியருக்கே. கோளாறு வேறு என்பதால்தானே கருவியும் வேறு?

சொல் தப்பானால் கையும் தப்பான இடத்துக்குப் போகிறது. பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவர், "அண்ணா, வண்டியில மின்கசிவாம், புது பேட்டரி போடச் சொல்றாங்க" என்று வந்தார். பியூஸ் எப்போது போகிறது என்று கேட்டேன். "ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிச்சா போயிடுதுண்ணா." மீட்டர் வைத்தால் பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஹெட்லைட்டைக் கழற்றினால், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் வயர் கட்டு உரசி உரசித் தோல் போய், செம்பு பளபளவென்று தெரிகிறது. பக்கத்தில் கரிப்புள்ளி. டேப் சுற்றி, வயரை உரசாத வழியில் கட்டியதும் சரியாகிவிட்டது. கசிவு என்று யாரோ சொன்னதால் ஒரு பேட்டரி காசு வீணாகியிருக்கும்.

சரி, ஷார்ட் சர்க்யூட்டுக்குத் தமிழ் என்ன? குறுஞ்சுற்று என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அங்கே நீளம் விஷயமே இல்லை. பின் விளக்கு வரை ஓடிப்போன வயர் மட்கார்டில் தொட்டாலும் ஷார்ட்தான். போக வேண்டிய வழியை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்வதுதான் அதன் குணம். குறுக்குவழி என்ற சொல்லைத் தினமும் சொல்கிறோம். அந்தக் குறுக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆகவே குறுக்குச்சுற்று.

மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். அளவுக்கு மீறி விளக்கும் ஹாரனும் மாட்டி வயர் சூடேறுவது மிகைப்பளு. அதையும் மின்கசிவில் தள்ளிவிடுகிறார்கள். பேட்டரி முனையில் அமிலம் கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதற்கும் அதே பெயர். அது அமிலக்கசிவு ஐயா!

குறுக்குச்சுற்று எழுதக் கூச்சமாக இருந்தால் ஷார்ட் என்றே எழுதுங்கள், தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர், கிருஷ்ணகிரி ஒர்க்‌ஷாப்புகளில் ஒன்றை 'ஷார்ட்டு' என்றும் மற்றதை 'பேட்டரி இறங்குது' என்றும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். அவர்கள் தெளிவாகப் பிரித்து வைத்ததை எழுதுகிறவர்கள் ஒன்றாக்கிக் குழப்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.