முத்தில்லாத முத்துச்சிப்பி

போன அக்டோபர் கடைசியில், பிரான்சில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டிருந்த சமயம், பாரிசில் இருக்கும் தங்கை குடும்பத்தோடு பிரிட்டனிக் கடற்கரையில் காங்கால் என்ற ஊருக்குப் போயிருந்தேன். துறைமுகத்தின் ஓரத்தில், கலங்கரை விளக்கத்தை ஒட்டி வரிசையாக ஆய்ஸ்டர் விற்கும் சின்னச் சின்னக் கடைகள். ஆய்ஸ்டர் என்பது பச்சையாகவே தின்கிற ஒரு சிப்பி. அதை வளர்க்கும் பண்ணை எங்கே என்று தேட வேண்டியதில்லை. கடல் வற்றியதும் எதிரிலேயே தெரிகிறது. சேற்றில் நட்ட தாழ்வான இரும்பு மேசைகள், அவற்றின் மேல் வலைப்பைகள், அவற்றைப் புரட்டிப் போட டிராக்டரில் போகும் ஆட்கள். அந்த வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 14 மீட்டர் வரை மாறுமாம். மூன்று வருடம் போல அந்தப் பைகளில் கிடந்து வளர்ந்ததை அதே ஆட்கள் கொண்டுவந்து விற்கிறார்கள்.

கணக்கு டஜனில்தான். உருவத்துக்கு எண் உண்டு, அதுவும் தலைகீழ் எண். 5 என்றால் 30 முதல் 45 கிராம் வரை உள்ள பொடிசு. 3 என்றால் 66 முதல் 85 கிராம். எண் குறையக் குறைய உரு பெருக்கும். நாங்கள் 3 வாங்கினோம். கத்தியால் ஓட்டைப் பிளந்து, தட்டில் அடுக்கி, எலுமிச்சையும் வைத்துத் தந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையில் வீச வேண்டியதுதான். அங்கே ஓடுகள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. கெடுத்தது என் கைபேசி. கடைப் பலகையைப் படமெடுத்துத் தமிழில் காட்டச் சொன்னேன். ‘முத்துச்சிப்பிகள் 12’ என்று காட்டியது. பக்கத்தில் நின்ற மருமகள், ஒன்பது வயது, எட்டிப் பார்த்துவிட்டாள். “மாமா, இதுக்குள்ள முத்து இருக்குமா?” இருக்காது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. போனில்தான் போட்டிருக்கிறதே! பன்னிரண்டு ஓட்டையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்து முகம் தொங்கிப் போய் உட்கார்ந்தாள்.

நான் தூத்துக்குடிக்காரன். முத்துச்சிப்பி என்ற சொல்லை இப்படிக் கண்ட இடத்தில் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது முதல் தடவையும் இல்லை. சென்னையில் ஒரு ஓட்டல் பட்டியலில் ‘முத்துச்சிப்பி வறுவல்’ பார்த்திருக்கிறேன். ஆய்ஸ்டர் சாஸ் பாட்டிலில் ‘முத்துச்சிப்பிச் சாறு’ என்று ஒட்டியிருந்ததைப் படித்திருக்கிறேன். சமையல் நிகழ்ச்சி ஒன்றின் அடிவரியில் ‘முத்துச்சிப்பியைப் பச்சையாக விழுங்குகிறார்’ என்று ஓடியது. விழுங்கினவர் தொண்டையில் முத்து சிக்காமல் இருந்தால் சரி.

ஆய்ஸ்டர் என்ற சொல்லின் பூர்வீகம் எளிது. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்கும், அங்கிருந்து கிரேக்க ஓஸ்ட்ரியோனுக்கும் போகிறது. எலும்பைக் குறிக்கும் ஓஸ்டியோனுக்கு உறவு. ஏதென்ஸ்காரர்கள் பெயரைக் கீறி ஊரை விட்டு ஆளைத் துரத்தப் பயன்படுத்திய பானையோட்டுத் துண்டின் கிரேக்கப் பெயரும் இந்தச் சொற்குடும்பம்தான். ஆக, கடினமான ஓடு என்பதுதான் அடிப்படைப் பொருள். முத்து அதில் எங்குமே இல்லை.

பொருளுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் நம்மவர்கள் மூச்சைப் பிடித்து முங்கி எடுத்த முத்துச்சிப்பி வேறு உயிர், காங்காலில் நாங்கள் தின்றது வேறு உயிர். குடும்பமே வேறு. முத்துச்சிப்பி நார் விட்டுப் பாரைப் பற்றிக்கொண்டு இருக்கும், வேண்டுமானால் நாரை விட்டுவிட்டு நகரும். தின்கிற சிப்பியோ குஞ்சாக இருக்கும்போதே ஒரு பக்க ஓட்டைப் பாறையிலோ கட்டையிலோ சிமெண்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆயுசுக்கும் அந்த இடம்தான். இதற்குள்ளும் எப்போதாவது ஒரு உருண்டை விளையும். ஆனால் அதில் முத்தின் மினுமினுப்பு இருக்காது. தட்டானிடம் கொண்டுபோனால் சிரிப்பார்.

‘ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே’ என்று ஒரு மொழிபெயர்ப்பு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். ஒரே பெயர்தான், பிரெஞ்சிலும் அப்படித்தான். ஆனால் அங்கே வெறும் பெயர் தின்கிற சிப்பிக்கு, அடைமொழி முத்து விளைகிற சிப்பிக்கு. நாம் அடைமொழியோடு இருப்பதைத் தூக்கி வெறும் பெயருக்கு மாட்டுகிறோம். பால் கேட்டவனுக்குத் தேங்காய்ப்பால் கொடுப்பது போல. கொற்கை முத்துக் காலத்திலிருந்து தமிழனுக்குச் சிப்பி என்றதும் முத்துதான் நினைவுக்கு வருகிறது, அது புரிகிறது. எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. மொழிபெயர்ப்பில் மட்டும் இன்னும் குளித்துக்கொண்டே இருக்கிறோம்.

சரி, ‘சிப்பி’ என்று மட்டும் போட்டால் போதாதா? போதும் என்பவர்கள் சிப்பிக் காளானைக் காட்டுவார்கள். ஆய்ஸ்டர் காளான் தமிழில் அழகாகச் சிப்பிக் காளான் ஆகிவிட்டது, நல்லவேளை யாரும் அதை முத்துச்சிப்பிக் காளான் ஆக்கவில்லை. ஆனால் தட்டுக்கு வரும்போது சிக்கல் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியபட்டணம் பக்கம் போய்ச் சிப்பி கேட்டுப் பாருங்கள். பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த, கரும்பழுப்பாக நீளவாட்டில் இருக்கும் ஒன்றைத் தருவார்கள். ருசியானதுதான், ஆனால் அது மலையாளிகள் கல்லுமக்காய் என்கிற வேறு சாதி. மலையாளத்தில் மட்டிக்குக் கக்கா, இதற்குக் கல்லுமக்காய், ஆய்ஸ்டருக்கு முரு என்று மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்து, கலக்காமல் வாங்கித் தின்கிறார்கள். நாம் முதலாவதை மட்டி என்று பிரித்தோம். மற்ற இரண்டையும் சிப்பிக்குள் திணித்துவிட்டோம்.

இதற்கு நடுவே தூய தமிழ்க் கட்சி ஒன்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சிப்பி வடசொல், ‘இப்பி’ என்றே எழுத வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வாதாடினார். பிராகிருதத்தில் சிப்பி உண்டு என்பது உண்மைதான். ஆனால் யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, இப்பி, சிப்பி இரண்டையும் திராவிடச் சொல்லாகவே சேர்த்தவர்களும் உண்டு. சொல்லின் முதலில் வரும் சகரம் உதிர்வது தமிழில் புதிதல்ல. சிறகு இறகானது போலச் சிப்பி இப்பியானது என்று கொண்டால் எந்த மானமும் போய்விடாது. “ஐயா, இறகு என்று எழுதுகிற நீங்கள் சிறகை வடசொல் என்பீர்களா?” என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அது கிடக்கட்டும், இப்பி என்று எழுதினாலும் கல்லுமக்காய்க் குழப்பம் தீராதே. ஒரே தெளிவின்மையைப் பழைய உச்சரிப்பில் சொல்வதால் என்ன லாபம்? ‘கடற்சிப்பி’ என்பது இன்னும் மோசம். மூன்றுமே கடலில்தான் கிடக்கின்றன.

தின்கிற சிப்பியை மீன்வளத் துறைக்காரர்கள் ‘ஆளி’ என்பார்கள். இந்தச் சிப்பியின் இந்திய இனம் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே மெட்ராசென்சிஸ் என்று நம் சென்னை உட்கார்ந்திருக்கிறது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இதைத் தட்டுகளில் வளர்த்துக் காட்டினார்கள். பின்னால் அஷ்டமுடிக் காயலில் கேரளத்துக்காரர்கள் அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தின்கிற பழக்கம் இருந்தது, நமக்கு இல்லை. தின்னாத பொருளுக்குப் பெயர் நிற்பது கஷ்டம். ஆளி என்ற சொல் துறை ஆட்களோடு நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆளியிலும் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. தங்கையின் கணவரிடம் சொன்னபோது, “ஆளி விதையா அத்தான்? காலையில கஞ்சியில போட்டுக் குடிக்கிறேனே” என்றார். கோயில் தூணில் நிற்கும் சிங்கமுக விலங்குக்கும் ஆளி என்று பெயர். அதனால் நான் ‘ஆளிச்சிப்பி’ என்று எழுதுகிறேன். சாளை மீன், பனைமரம் என்பது போல இனப்பெயரும் பொதுப்பெயரும் சேர்ந்து நிற்கட்டும். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு, அப்புறம் ஆளி என்றே தொடரலாம். பண்ணையை ஆளிப் பண்ணை எனலாம். முத்துக்காக வளர்ப்பதை மட்டும் முத்துச்சிப்பிப் பண்ணை என்று விட்டுவிடலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து மானியக் கையேடு அச்சடித்தால், விவசாயி எதற்கு விண்ணப்பம் போடுவார்?

எனக்குக் கோபம் எந்திரத்தின் மேல் அவ்வளவாக இல்லை. அது நாம் எழுதி வைத்ததைத்தான் பொறுக்கித் தருகிறது. எழுதி வைத்தவர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனவர்கள். ‘உலகமே உனக்கு ஆய்ஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அதை ‘உலகம் உன் முத்துச்சிப்பி’ என்று ஒருவர் தமிழாக்கியிருந்தார். உலகமே உன் கையில் என்று எழுத அவருக்கு ஏன் கை வரவில்லை என்று தெரியவில்லை. கடற்கரைக்குப் போய் ஒரு மீனவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீருகிற சந்தேகங்களுக்குக் குளிர்சாதன அறையில் சொல்லாக்கக் கூட்டம் போடுகிறோம்.

காங்காலில் கிளம்பும்போது வீட்டுக்கென்று இன்னும் இரண்டு டஜன் வாங்கினோம், உடைக்காமல். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், நல்ல தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பார்த்து மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள் என்று கடைக்காரம்மா சொல்லி அனுப்பினார். கூடையின் மேல் ஒட்ட மருமகள் தமிழில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னாள். ‘ஆளி, 24’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “மாமா, இதுலயாவது முத்து இருக்குமா?”