ஜெனீவாவில் பர்சைத் திறக்கும் முன்

ஐரோப்பியப் பயணங்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுப்பது என் தொழில். ஜெனீவா போய்த் திரும்பிய ஒரு மூத்த தம்பதி, செலவுக் கணக்கோடு என்னைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா சிறு டைரியில் ஒவ்வொரு பிராங்கையும் எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் ‘டிராம் டிக்கெட், இருவர்’. பார்த்ததும் எனக்கு மனம் கனத்தது. அவர்கள் ஒரு டிக்கெட்கூட வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ஜெனீவாவில் ஹோட்டலிலோ இளைஞர் விடுதியிலோ தங்குபவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. தங்கும் நாட்கள் முழுவதும் நகர வட்டாரத்துக்குள் பஸ், டிராம், ஏரியைக் கடக்கும் மஞ்சள் படகு, விமான நிலைய ரயில் எல்லாம் அதில் அடக்கம். அறை வாடகையோடு நாம் கட்டும் சுற்றுலா வரியில்தான் அது நடக்கிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அட்டை பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும். இவர்களுக்கும் வந்திருந்தது, விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். தனியார் வீடு எடுத்துத் தங்குவதாக இருந்தால், அட்டை கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்த அட்டையோடு நான் முதலில் அனுப்புவது அணுத்துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு. கார்னவின் ரயில் நிலையத்திலிருந்து 18ஆம் எண் டிராம் நேராக அங்கே போகிறது. 2023இல் திறந்த அறிவியல் காட்சிக்கூடத்துக்குக் கட்டணமே கிடையாது. வாரத்தில் திங்கட்கிழமை விடுமுறை. நம்மவர்கள் பலர் அங்குள்ள நடராசரைப் பார்க்கும் ஆவலோடு போகிறார்கள். 2004இல் இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் சிலை அது. ஆனால் அது ஆய்வுக்கூட வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியார் நினைத்தபடி நுழைய முடியாது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் ஏமாற்றம் இல்லை.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கும் கட்டாயக் கட்டணம் இல்லை. அங்கே கோன்ராட் விட்ஸ் 1444இல் தீட்டிய பலிபீட ஓவியத்தின் முன் கால்மணி நேரமாவது நில்லுங்கள். இயேசு நீர்மேல் நடக்க, பேதுரு மூழ்கத் தொடங்கும் காட்சி. விவிலியத்தில் அது கலிலேயா கடல். விட்ஸோ தம் கண்முன் இருந்த ஜெனீவா ஏரியையும் அதன் பின்னுள்ள மலைகளையுமே வரைந்துவிட்டார். தண்ணீருக்குள் இருக்கும் பேதுருவின் கால்கள் ஒளிவிலகி வளைந்து தெரிவதைப் பாருங்கள். பிறகு பத்து நிமிடம் நடந்தால் அதே ஏரி!

கரையில் 140 மீட்டர் உயரம் எழும் ‘ழெ தோ’ நீர்த்தாரையைப் பார்க்கக் காசில்லை. பலத்த காற்று வீசினால் நிறுத்திவிடுவார்கள். அதனால் அதை கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள். ஏரியில் சுற்றிவரத் தனிக்கப்பலுக்குப் பணம் கட்டும் முன், மஞ்சள் படகில் ஒருமுறை அக்கரை போய் வாருங்கள். ஐந்து பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் நீர்த்தாரை நன்றாகத் தெரியும்.

சாப்பாடுதான் கையைக் கடிக்கும். மிக்ரோ, கோப் போன்ற கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கத் தவறினால் ரயில் நிலையக் கடைகளே கதி. தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு பிராங்கும் செலவழிக்காதீர்கள். தெருவோர நீரூற்றுகளில் நல்ல தண்ணீர் வருகிறது. ‘ஓ நொன் பொத்தாப்ள்’ என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

வாங்கியதை எடுத்துக்கொண்டு பழைய நகரத்தின் திரேய் நடைபாதைக்கு ஏறுங்கள். 120 மீட்டர் நீள மர இருக்கை ஒன்று அங்கே இருக்கிறது. அருகிலேயே, வசந்தத்தை அறிவிக்கும் குதிரைச் செஸ்ட்நட் மரம். அதில் முதல் தளிர் விடும் நாளை அரசு அதிகாரிகள் 1818 முதல் வழிவழியாகக் குறித்து வருகிறார்கள். அடுத்த முறை மகளோடு போகிறார்கள் அந்தத் தம்பதி. டைரியின் முதல் பக்கத்தில் ‘மின்னஞ்சலைப் பார்’ என்று அந்த அம்மா இப்போதே எழுதிவிட்டார்.