14,000 சுற்றுக்குச் செய்த இன்ஜின், சிக்னலில் நிற்கும்போது

பழைய டுகாட்டி 998 பைக் ஒன்று நியூட்ரலில் ஐட்லிங்கில் நிற்கிறது. கிளட்ச் லீவரைப் பிடித்தால் போதும், வலது பக்கத்திலிருந்து தகரப் பெட்டியில் போல்ட்டுகளைக் கொட்டிக் குலுக்கியதுபோல் கடகடவென்று சத்தம் வரும். லீவரை விட்டால் அடங்கிவிடும். பக்கத்தில் ஒரு யமஹா ஆர்1 நின்றால் கதை நேர்மாறு. லீவரை விட்டிருக்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கரகரப்பு கேட்கும், லீவரைப் பிடித்ததும் அது மறைந்துவிடும். புதிதாக வாங்கியவர் இரண்டையும் கேட்டுப் பதறுவார். இரண்டு வண்டியிலும் எதுவும் கெட்டுப்போகவில்லை.

998-இல் இருப்பது டிரை கிளட்ச், எண்ணெயில் ஊறாமல் வெளிக்காற்றில் சுழல்வது. அதன் பிளேட்டுகளின் ஓரத்தில் காதுகள் போன்ற நீட்சிகள் உண்டு. அவை கிளட்ச் கூடையின் வெட்டுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பிளேட்டுகள் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் கிளட்ச் பிடிக்கவும் விடவும் முடியும், அதனால் காதுக்கும் வெட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். லீவரை விட்டிருக்கும்போது ஸ்பிரிங்குகள் எல்லா பிளேட்டுகளையும் சேர்த்து அழுத்தி ஒரே கட்டியாக்கிவிடும், சத்தத்துக்கு வழியில்லை. லீவரைப் பிடித்ததும் பிளேட்டுகளுக்கு விடுதலை. 90 டிகிரி ட்வின் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் கூடையை ஒரு தள்ளு தள்ளும், அடுத்த வெடிப்புக்குள் கூடை வேகம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தில் காதுகள் வெட்டுகளின் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். மோதலை மெத்தென்று வாங்கிக்கொள்ள எண்ணெயும் இல்லை. 2012 மாடல் 1199 பனிகாலே வந்தபோது டுகாட்டி தன் சூப்பர்பைக்கை எண்ணெய்க் கிளட்சுக்கு மாற்றியது. ஆனாலும் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யும் பனிகாலே வி4 ஆர்-இல் டிரை கிளட்ச் திரும்ப வந்துவிட்டது. பிளேட்டுகள் எண்ணெயைக் கலக்கிச் சக்தியை வீணாக்காது, தேய்மானத் தூள் இன்ஜின் எண்ணெயில் கலக்காது என்பதெல்லாம் அதற்குச் சாதகம்.

ஆர்1-இல் கிளட்ச் எண்ணெய்க்குள் இருப்பதால் பிளேட்டுகள் அமைதியாக இருக்கும். அங்கே கரகரப்பது கியர்பாக்ஸ். நியூட்ரலில் லீவரை விட்டிருந்தால், இன்ஜினின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டும் அதோடு பிணைந்த கியர்களும் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. சுமை எதுவும் இல்லாததால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் வேகம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் பற்கள் முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு என்று இடித்துக்கொள்ளும். லீவரைப் பிடித்தால் கியர்பாக்ஸ் கிராங்கிலிருந்து பிரிந்துவிடுகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது.

அதிவேகத்துக்காகச் செய்த இந்த வகை பைக்குகளின் பெரும்பாலான சத்தங்களுக்கு இதுதான் அடிப்படை. அதிக வேகத்திலும் சூட்டிலும் சரியாக வேலை செய்ய வேண்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி, குறைந்த வேகத்திலும் குளிரிலும் காதில் விழுகிறது. நிமிடத்துக்கு 12,000, 14,000 சுற்றுகளுக்காக வடிவமைத்த ஒன்றை நாம் 1,200 சுற்றில் நிறுத்தி வைத்து உற்றுக் கேட்கிறோம்.

வால்வு சத்தத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்ஜின் 12,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. சூட்டில் வால்வின் தண்டு நீளும். அதற்காக, வால்வைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இடம் விடுவார்கள்: காற்று நுழையும் இன்டேக்கில் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மி.மீ., புகை வெளியேறுவதால் அதிகம் சூடாகும் எக்ஸாஸ்டில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. ஐட்லிங்கில் கேட்கும் டிக்டிக் ஒலியில் பெரும்பங்கு இந்த இடைவெளி மூடும் ஒலிதான்.

"டேப்பட் சத்தம் வருது, டைட் பண்ணிடுங்க" என்று இந்த வால்வு ஒலியைச் சர்வீஸில் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் திருகி இறுக்க ஸ்க்ரூ எதுவும் கிடையாது. கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் பக்கெட்டுக்கோ ஃபிங்கருக்கோ அடியில் இருக்கும் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றித்தான் அளவைச் சரிசெய்ய முடியும். கிலோமீட்டர் ஏற ஏற வால்வு தன் இருக்கையில் மெல்ல உள்வாங்கும், தண்டு கேமை நோக்கி நகரும், இடைவெளி சுருங்கும். அதாவது சத்தம் குறையும். அப்படியே விட்டால் ஒருநாள் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இருக்கையில் அமரும் அந்த நேரத்தில்தான் வெளியே தள்ளுகிறது. அது சரியாக அமராவிட்டால் எரியும் வாயு விளிம்பு வழியே கசிந்து வால்வையே அரித்துவிடும். முன்பு டிக்டிக் என்றிருந்த இன்ஜின் பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தானாக அமைதியாகிவிட்டது என்றால் எனக்கு அதுதான் கவலை. வால்வு அளவு பார்க்க மேனுவல் சொல்லும் கிலோமீட்டரைத் தள்ளிப்போடவே கூடாது.

டுகாட்டிக்காரர்களுக்கு இதிலும் ஒன்று கூடுதல். மற்ற இன்ஜின்களில் வால்வை மூடுவது ஸ்பிரிங். மிக அதிக வேகத்தில் ஸ்பிரிங்கால் கேமைப் பின்தொடர முடியாமல் வால்வு மிதக்கும். அதற்கு மாற்றாகத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்ற டெஸ்மோ முறையை மெர்சிடிஸ் 1954-இல் தன் டபிள்யூ196 பந்தயக் காரில் பயன்படுத்தியது. டுகாட்டியின் ஃபாபியோ தாலியோனி 1956-இல் 125 சிசி பந்தய பைக்கில் அதைக் கொண்டுவந்தார், முதல் போட்டியிலேயே அது வென்றது. திறப்பதற்கு ஒரு இடைவெளி, மூடுவதற்கு ஒரு இடைவெளி என்று ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு அளவுகள் இருப்பதால் அந்த இன்ஜின்களுக்கு உலோகக் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் சத்தங்கள் தனி. ஒரு நொடி, இரண்டு நொடி கேம் செயின் சடசடக்கலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும், ஆயில் பிரஷரால் இயங்கும் டென்ஷனரில் பிரஷர் ஏறுகிற வரை செயின் தளர்ந்திருக்கும், ஏறியதும் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்பது பிஸ்டன் தட்டல். ஓடும் இன்ஜினில் பிஸ்டனின் தலை 200 டிகிரியைத் தாண்டும். அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் சுவரைக் கூலண்ட் அதைவிட வெகு குறைவான சூட்டில் வைத்திருக்கும். பிஸ்டன் அதிகமாக விரிவதால் குளிரில் அது கொஞ்சம் லூசாகவே பொருந்தியிருக்கும். நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கும் முதல் தலைமுறை கேடிஎம் 390 டியூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 89 மி.மீ. சிலிண்டர் அகலத்துக்கு 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஃபோர்ஜ்டு பிஸ்டன், எடை குறைக்க வெட்டிச் சுருக்கிய பக்கச் சுவர். இப்படிக் குட்டையான பிஸ்டன் திசை மாறும்போதெல்லாம் சற்றுச் சாய்ந்து சுவரைத் தட்டும். சில நிமிடத்தில் சூடு ஏறியதும் அடங்கிவிடும். அதுவரை த்ராட்டிலை முறுக்காமல் மெதுவாக ஓட்டுவது நல்லது.

முதல் கியர் போடும்போது வரும் "டொக்" பற்றிக் கேட்காத புது ஓனரே கிடையாது. கியர்களை இணைப்பது டாக் எனப்படும் கட்டைப் பற்கள். லீவரைப் பிடித்தாலும் குளிர்ந்த கெட்டி எண்ணெய் பிளேட்டுகளை விடாமல் இழுத்துக்கொண்டு சுற்றும். அந்தச் சுழற்சியில் இருக்கும் ஷாஃப்டை நின்றிருக்கும் பின்சக்கரத்தோடு திடீரென்று கோத்தால் ஓர் இடி. லீவரைப் பிடித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்துக் கியர் போட்டால் பாதி குறையும்.

சரி, 3,000 சுற்றுக்குக் கீழே வண்டி ஏன் இப்படி வெட்டி வெட்டி இழுக்கிறது? அதிக வேகத்தில் சிலிண்டர் நிரம்பக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடும் முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும்படி கேமைச் செதுக்குகிறார்கள். வேகமாக ஓடும்போது வெளியே பாயும் புகை புதுக் காற்றையும் கூடவே இழுத்துவரும், அற்புதமாக வேலை செய்யும். மெதுவாக ஓடும்போது அந்தப் பாய்ச்சல் இல்லை. எரிந்த வாயுவில் கொஞ்சம் பின்வாங்கிப் புதுக் கலவையோடு கலந்துவிடும், ஒரு சுற்றில் நன்றாக எரியும், அடுத்ததில் அரைகுறையாக எரியும். மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் பெட்ரோல் அளவைக் குறைத்து வைத்திருந்தால் இது இன்னும் தெரியும். நெரிசலில் ஒரு கியர் குறைத்து, சுற்றை உயர்த்தி ஓட்டுவதுதான் வழி.

ஆனால் ஆர்1-இன் தடுமாறும் குரல் வேறு காரணத்தால் வருவது, அதை நான் வியந்து ரசிப்பேன். சாதாரண நான்கு சிலிண்டர் கிராங்கில் நான்கு பிஸ்டன்களும் ஒரே சமயத்தில் உச்சியிலும் அடியிலும் போய் நிற்கும். நின்று மறுபடி கிளம்பும்போதெல்லாம் கிராங்கிலிருந்து சக்தியை உறிஞ்சும், திருப்பித் தரும். இதனால் பின்சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசையில், ஓட்டுபவர் கேட்காத ஓர் ஏற்ற இறக்கம் எப்போதும் கலந்திருக்கும். யமஹாவின் மசாவோ ஃபுருசாவா 2004-இல் எம்1 பந்தய பைக்குக்கு, பிஸ்டன்கள் இணையும் கிராங்க் பின்களை 90 டிகிரி இடைவெளியில் மாற்றி அமைத்தார். ஒரு பிஸ்டன் நிற்கும்போது இன்னொன்று முழு வேகத்தில் இருக்கும், ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். டயரின் பிடி இப்போது ஓட்டுபவரின் கையிலுள்ள த்ராட்டிலுக்கு நேராகக் கட்டுப்பட்டது. 2009-இல் அதே அமைப்பு சாலை ஆர்1-க்கு வந்தது. விலையாக வெடிப்புகள் 270, 180, 90, 180 டிகிரி என்று ஒழுங்கற்ற இடைவெளியில் வரும். அதனால்தான் நான்கு சிலிண்டராக இருந்தும் வி4 மாதிரி உறுமுகிறது.

சூடு பற்றிய புகார்கள் கோடையில் பெருகும். எரியும் பெட்ரோலின் சக்தியில் சக்கரத்துக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பார்த்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில் நீண்ட சிக்னலில் நின்றால் மீட்டரில் எண் ஏறும், 100 டிகிரியைத் தாண்டி ஃபேன் விர்ரென்று சுற்றும், எண் இறங்கும், மறுபடி ஏறும். 100-ஐத் தாண்டியதும் கொதித்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதாலும் கொதிநிலையை உயர்த்தும் கிளைகால் (glycol) என்ற திரவம் கலந்திருப்பதாலும் கூலண்ட் 120 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கும். ஃபேன் தள்ளும் அனல் காலில் அடிப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. டுகாட்டியின் மல்டிஸ்ட்ராடா வி4 போன்ற வண்டிகள் நிற்கும்போது பின்பக்கச் சிலிண்டர்களையே நிறுத்திவிடுவது இதற்காகத்தான்.

த்ராட்டிலை மூடி வேகம் குறைக்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடித்தால், எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் காற்றைச் சந்தித்து எரிகிறது என்று பொருள். மாசைக் குறைக்க எக்ஸாஸ்ட் போர்ட்டிலேயே புதுக் காற்றைச் செலுத்தும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு, அதுவும் இதற்கு உதவுகிறது. லேசான படபடப்பு இயல்பு. புதிதாகப் பலமாக வெடிக்க ஆரம்பித்தால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியை அணைத்த பிறகு வரும் டிங், டிங் ஒலிக்குச் சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 300 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 5 மி.மீ. சுருங்கும். கிளாம்பும் இணைப்புகளும் அதைச் சீராக நகரவிடாது, பிடித்துப் பிடித்துச் சட்டென்று விடும். ஒவ்வொரு விடுதலையும் ஒரு டிங். சாவியைத் திருப்பியதும் வரும் முனகல் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுவது, கூடவே புகைக்குழாய்க்குள் இருக்கும் தனி வால்வின் மோட்டார் ஒரு சுற்று திறந்து மூடிப் பார்ப்பது. வண்டியைத் தள்ளும்போது முன் டிஸ்க் கிணுகிணுத்தால், அது ஃப்ளோட்டிங் டிஸ்க். 320 மி.மீ. டிஸ்க் 300 டிகிரி சூடேறினால் குறுக்களவில் ஒரு மி.மீ. விரியும். நடுப்பகுதியோடு இறுக்கிவைத்தால் வளைந்துவிடும் என்பதால் தளர்வாகக் கோத்திருக்கிறார்கள்.

இனி கெட்ட சத்தங்கள். முதலில் அது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். இன்ஜின் சுற்றோடு மாறினால் இன்ஜின். கிளட்ச் பிடித்து உருட்டியும் வண்டி வேகத்தோடு மாறினால் செயின், சக்கர பேரிங், பிரேக். லீவரோடு மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ். சூடேறியதும் மறைவது பெரும்பாலும் குளிர்ப்பொருத்தத்தின் இடைவெளி. சூடேறிய பிறகு புதிதாகத் தொடங்குவதுதான் சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் அப்போது எண்ணெய் நீர்த்து அதன் படலம் மெலிந்திருக்கும். வண்டி நன்றாக இருக்கும்போதே குளிரிலும் சூட்டிலும், லீவர் பிடித்தும் விட்டும், போனில் ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிடலாம்.

இரண்டு ஒலிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. உயர்ந்த கியரில் குறைந்த சுற்றில் த்ராட்டிலை முறுக்கும்போது கண்ணாடிக் குண்டுகள் உருள்வதுபோல் சிலுசிலுத்தால், கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. 12.5-க்கு 1 என்ற அளவில் அமுக்கும் இன்ஜினில் அது பிஸ்டனையே ஓட்டையாக்கும். உடனே த்ராட்டிலைக் குறைத்துக் கியரை இறக்குங்கள், மேனுவல் சொல்லும் ஆக்டேன் பெட்ரோலைத்தான் போடுகிறோமா என்று பாருங்கள். இன்னொன்று, அடிவயிற்றிலிருந்து சுற்றுக்குச் சுற்று வரும் கனமான தட்டல், சுமை கூடக் கூட ஆழமாகும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். ஒர்க்‌ஷாப் இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் ஓட்டிப் போகாதீர்கள். அணைத்துவிட்டு, வண்டியை ஏற்றிச்செல்ல ஒரு டெம்போ பிடியுங்கள்.