1.44 ஹெக்டேர் காட்டில் களையெடுப்பது எப்படி

மொரிசியசின் மேட்டுநிலத்தில், கூர்ப்பிப்புக்கு அருகே, பெரியே இயற்கைக் காப்பகம் இருக்கிறது. பரப்பு 1.44 ஹெக்டேர். அதைச் சதுரமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 120 மீட்டர். நட்டநடுவில் நின்றாலும் 60 மீட்டர் நடந்தால் வெளியே வந்துவிடலாம். காற்றும் வெயிலும் களைவிதையும் ஓரத்திலிருந்து 20 மீட்டர் உள்ளே எட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவை தீண்டாத உட்பகுதி 80-க்கு 80 மீட்டர், அதாவது 0.64 ஹெக்டேர்தான் மிஞ்சும். பாதிக்கும் மேலான காடு ஓரமாகவே போய்விடுகிறது. சிறு காட்டுக்குப் பெருங்காட்டைவிட அடிக்கடி ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

மேட்டுநிலத்தில் அந்த ஓரத்தின் வழியாக நுழைபவற்றில் முதலிடம் கோயாவ் த ஷின் என்னும் சீனக் கொய்யாவுக்கு. பிளேன் ஷாம்பாஞ் பக்கம் பறித்து, உப்பும் மிளகாயும் தூவி நாம் தின்னும் அதே சிவப்புப் பழம்தான். பிரேசிலைச் சேர்ந்த இந்தச் செடி நிழலிலும் முளைக்கும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மீண்டும் துளிர்க்கும். விதையைப் பரப்பக் காட்டுப்பன்றியும் குரங்கும் கொண்டே குருவியும் இருக்கின்றன (தமிழ்நாட்டில் செம்மீசைச் சின்னான் என்று சொல்லும் அதே பறவை). மூன்றுமே வெளியிலிருந்து மனிதர் கொண்டுவந்தவை.

களையெடுக்காத காட்டில் அண்ணாந்து பார்த்தால் குறை எதுவும் தெரியாது. நாட், கொலோஃபான், கருங்காலி போன்ற நாட்டு மரங்கள் எல்லாம் நிற்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும்: அவற்றின் கன்றுகள் இல்லை, கொய்யாத் தண்டுகள் மட்டும் நெருக்கமாக நிற்கின்றன. பிள்ளைகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய், தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடு போல. ஒரு புயலில் பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தைப் பிடிப்பதும் கொய்யாதான்.

களையெடுப்பை மோசமான மூலையிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. நாட்டு மரங்கள் அதிகமுள்ள நல்ல பகுதியில் தொடங்கி வெளிப்புறமாக நகர வேண்டும். அங்கே காலியாகும் இடத்தை நிரப்ப நாட்டு விதைகள் பக்கத்திலேயே விழும்.

சிறு கன்றுகளை மழைக்குப் பின், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்கலாம். வேர் பாதியில் அறுந்தால் மிச்சம் துளிர்க்கும். பிடுங்கியதை மண்மேல் போடக் கூடாது. மேட்டுநில ஈரத்தில் அது திரும்ப வேர்விடும். கிளைக் கவட்டில் மாட்டியோ, வெட்டிய கழிகளின்மேல் குவித்தோ வேரைக் காய விட வேண்டும். கைக்கு மசியாத தண்டைப் பியோஷ் என்னும் தோண்டுகருவி கொண்டு தோண்டலாம். ஆனால் கிளறிய மண்ணில் புதிய களை முளைக்கும். அதனால் பெரிய தண்டைத் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவுவது நல்லது. முழு வெட்டுமுகத்திலும் பூச வேண்டியதில்லை. மரத்தின் உயிருள்ள திசு பட்டையை ஒட்டிய வளையத்தில்தான் இருக்கிறது. அங்கே சில நிமிடங்களுக்குள் தடவினால் மருந்து வேருக்கு இறங்கும். தாமதித்தால் வெட்டுமுகம் காய்ந்து மருந்து மேலேயே நின்றுவிடும். இது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போட வேண்டும்.

பெரிய இழப்பு நேர்வது செடியைத் தவறாக அடையாளம் காண்பதால். மொரிசியசின் நாட்டு மரங்கள் பலவற்றில் கன்றின் இலையும் வளர்ந்த மரத்தின் இலையும் வேறு வேறு வடிவில் இருக்கும். கொய்யாவின் குடும்பத்தைச் சேர்ந்த நாட்டுச் செடிகளும் உண்டு. அவற்றுக்கும் எதிரெதிர் இலைகள்தான், கசக்கினால் மணமும் வரலாம். ஐயமிருந்தால் பிடுங்காமல் ஒரு நாடாவைக் கட்டிவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடுத்த சுற்றில் கூடக் களையைப் பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கிய கருங்காலிக் கன்றைத் திரும்ப நட்டு வைப்பது அவ்வளவு எளிதல்ல.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அகற்றினால் வெளிச்சம் கொட்டும், முள்கொடியான ரூபஸ் பாய்ந்து வரும். முதல் களையெடுப்போடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணி, அடுத்த சுற்றுக்குப் பணம் ஒதுக்காத திட்டங்களில் உழைப்பு இப்படித்தான் வீணாகிறது. ஆறுதலான செய்தியும் உண்டு: கொய்யா விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பதில்லை, சீக்கிரம் முளைத்துவிடும் அல்லது செத்துவிடும். ஆகவே, களையெடுத்த இடத்தில் எந்தக் கொய்யாவையும் காய்க்கும் வயது வரை விடாமல் சுற்றி வந்தால், புதிதாக முளைப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விதையாகத்தான் இருக்கும்.

அப்படி வெளியிலிருந்து விதை வருவதைக் குறைப்பது வேலி. 1639-இல் டச்சுக்காரர் கொண்டுவந்த ஜாவா மான் மரக்கன்றுகளை மேயும், பன்றி மண்ணைக் கிளறும். வேலியின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்காவிட்டால் பன்றி தோண்டி நுழைந்துவிடும். ஒரு கிளை விழுந்து கம்பி தாழ்ந்தாலே மானுக்கு வழி திறந்துவிடும். புயலுக்குப் பின் முதலில் சுற்றிப் பார்க்க வேண்டியது வேலியைத்தான். குரங்கையும் எலியையும் இத்தகைய கம்பிவேலி தடுக்காது; பழுக்குமுன்பே நாட்டு மரங்களின் காய்களைக் குரங்கு பறித்து வீணாக்குவதற்கு இன்னும் முழுத் தீர்வில்லை.

பார்க்கப் போகிறவர்கள் பெத்ரெனில் தொடங்கலாம். 1994-இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் வாசல்களில் அது ஒன்று. களையெடுத்து வேலியிட்ட பகுதியின் உள்ளும் புறமும் முழங்காலுக்குக் கீழே என்ன முளைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியே போன்ற காப்பகத்துக்குப் போக வனத்துறையிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நுழையுமுன் காலணியின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய சேற்றைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். வழியில் பறித்த கொய்யாவை வண்டியிலேயே தின்றுவிட்டு இறங்குங்கள்.