விடாமல் உழுவதும் 'கெரி ஒன்'னும்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டு, கச்சான் வாங்குகிறவர்கள் வாங்கி ஏறியதும் நடத்துநர் 'ரைட்' என்பார். பஸ் கிளிநொச்சிப் பக்கம் தன் ஓட்டத்தைத் தொடரும். இந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'த பஸ் கெரீட் ஒன்' (The bus carried on) என்று சொல்லலாம். ஒருநாள் பஸ் முறிகண்டியில் நிற்காமல் போய்விட்டாலும் அதே சொல் பொருந்தும். நின்றது, அல்லது நிற்க இடமிருந்தது; ஆனாலும் போனது. 'கெரி ஒன்' இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் 'கெரி ஒன் என்றால் தொடர்' என்று பாடமாக்குவார்கள். பிழையில்லை, ஆனால் அது போதாது. ஒரு வினையோடு சின்னச் சொல் ஒன்று ஒட்டிப் புதுப் பொருள் தரும் இந்த வகை பிறமொழிக்காரருக்குப் பெரிய சிரமம் என்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். பிள்ளைகள் தடுமாறுவதற்கு அவர்களுடைய மூளையைக் குறை சொல்லத் தேவையில்லை.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? 'கெரி' என்றால் சுமந்து செல்வது. வண்டியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் வண்டியில் ஏற்றிச் செல்வதைத்தான் குறித்தது. 'ஒன்' என்றதும் மேசை மேல் புத்தகம் இருப்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் வினைக்குப் பின்னால் அழுத்தத்தோடு வரும்போது அதற்கு 'முன்னோக்கி, மேலும்' என்ற பொருள் உண்டு. 'ரீட் ஒன்' என்றால் மேலே வாசி. 'ட்ரைவ் ஒன்' என்றால் நிறுத்தாமல் ஓட்டு. 'லிவ் ஒன்' என்றால் தொடர்ந்து வாழ். தொடர்ச்சியைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த 'ஒன்'தான். அதனால்தான் 'கெரி ஒன்' என்று சொல்லும்போது குரல் 'ஒன்'னில் அழுந்துகிறது. நம்மில் பலர் 'கெரி'யை அழுத்திவிட்டு 'ஒன்'னை விழுங்கிவிடுகிறோம். கேட்கிற ஆங்கிலேயருக்கு முக்கியமான பாதி காதில் விழாமல் போகும்.

இனித் தமிழுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'வயல் உழுதுகொண்டிருக்கிறார்' என்கிறோம். அதற்குள் இருக்கும் 'கொண்டு' எதிலிருந்து வந்தது? எடுத்துக்கொள்வது, கையில் வைத்திருப்பது என்ற பொருளுடைய 'கொள்' என்ற வினையிலிருந்து. வேலை முடிந்ததும் 'உழுதுவிட்டார்' என்கிறோம்; அது 'விடு'. கையில் பிடித்திருக்கும்வரை வேலை நடக்கிறது, கையைவிட்டால் முடிந்தது. ஆங்கிலமும் இதே வழியில் போயிருக்கிறது: சுமக்கும் 'கெரி'யோடு 'ஒன்' சேர்ந்தால் தொடர்வது, விட்டுவிடும் 'லீவ்' என்ற வினையோடு 'ஓஃப்' சேர்ந்தால் நிறுத்துவது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் இவை.

கை, கால், சுமை, பாதை பற்றிய சாதாரணச் சொற்கள் மெல்ல மெல்லத் தங்கள் எடையை இழந்து இலக்கண உறுப்புகளாக மாறுவது உலக மொழிகள் பலவற்றிலும் நடக்கிறது. 1912இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே இதற்குப் பெயர் கொடுத்தார். தமிழில் இலக்கணமாதல் என்கிறோம். 'கொண்டு' அந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டது. 'கெரி ஒன்' இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. அதில் வினையின் உடம்பு தெரிகிறது.

ஆனால் 'உழுதுகொண்டிருக்கிறார்' என்பதை 'கெரி ஒன்' போட்டு மொழிபெயர்க்கக் கூடாது. அந்தத் தமிழ்த் தொடர் வேலை இப்போது நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. காலபோகத்துக்கு உழும்போது மழை பிடித்துக்கொண்டது, உழவு இயந்திரக்காரர் நிறுத்தவில்லை என்று வையுங்கள். நாம் என்ன சொல்வோம்? 'மழைக்குள்ளயும் விடாமல் உழுதார்.' அந்த 'விடாமல்'தான் 'கெரி ஒன்'னுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ். 'ஹீ கெரீட் ஒன் ப்ளவ்விங்' என்று எழுதலாம். பின்னால் வரும் வினை 'இங்' என்று முடிய வேண்டும். பெயர்ச்சொல் வந்தால் இடையில் 'வித்' போடுங்கள்: 'கெரி ஒன் வித் த வேர்க்'.

'டு' போட்டால் கதை மாறும். 'கோ ஒன்'னில் இது நன்றாகத் தெரியும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார். 'ஹீ வென்ட் ஒன் டோக்கிங்' என்றால் அவர் பேச்சை நிறுத்தவில்லை. 'ஹீ வென்ட் ஒன் டு டோக் அபவுட் ஃபேர்ட்டிலைசர்' என்றால் தண்ணீரை முடித்து, அடுத்ததாகப் பசளை பற்றிப் பேசினார். 'கீப் ஒன்' வந்தால் அலுப்பும் சேர்ந்துகொள்ளும்: திரும்பத் திரும்ப அதையே செய்கிறார் என்ற முறைப்பாடு.

'கெரி ஒன்'னுக்கு வேறு பொருள்களும் உண்டு. தொழில் நடத்துவதற்கும் இதே சொல்தான். பரந்தனில் ஒருவர் அரிசி ஆலையைக் 'கொண்டு நடத்துகிறார்' என்கிறோமே, ஏறக்குறைய அதேதான், 'கொள்' உட்பட. சத்தம் போட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுவதையும், பழைய பிரித்தானியப் பேச்சில் கள்ளத் தொடர்பையும்கூட இது குறிக்கும். அதனால் 'கெரி ஒன் வித்' என்பதற்குப் பின்னால் ஒரு ஆளின் பெயரைப் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் 'கன்டினியூ' பொருத்தம். 'கெரி ஒன்' பேச்சுக்கு நெருக்கமானது. பேசிக்கொண்டிருப்பவரை இடைமறித்துவிட்டால் 'சொறி, ப்ளீஸ் கெரி ஒன்' என்று சொல்லலாம். நம் வீட்டில் அந்த இடத்தில் 'நீங்கள் சொல்லுங்கோ' என்போம்.