அடைமழைக் காலத்தில் கோழிக்கூடும் கொல்லைத் தோட்டமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழ்நாட்டில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையின் அளவே அவ்வளவுதான். அப்படிப்பட்ட பெருமழையின்போது கோழிகளையும் செடிகளையும் காப்பாற்ற எந்த உத்தியும் போதாது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொல்லையில் நேரும் இழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் அத்தகைய மழை அன்று. ஒரு வாரம் வெயில் முகமே காட்டாமல் தூறிக்கொண்டிருக்கும் அடைமழையும், அதனால் காயாமல் தங்கிவிடும் ஈரமுமே காரணம். அந்த ஈரம் மண்ணிலும் கோழிக்கூட்டின் தரையிலும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் தாமாகவே புலப்பட்டுவிடும்.

நல்ல தோட்ட மண்ணின் கனஅளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடமே. மண் துகள்களுக்கு இடையிலான அந்த இடைவெளிகளில் நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கின்றன. மழை விடாமல் பெய்யும்போது காற்று முழுவதும் வெளியேறி இடைவெளிகளை நீரே நிறைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே வேர்களும் நுண்ணுயிர்களும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிட்டால், மேலிருந்து புதிதாக வந்து சேர வழியில்லை. மூச்சு முட்டிய வேர், சர்க்கரையை முழுமையாக எரிக்க முடியாமல் நொதிக்க வைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. அதனால் கிடைக்கும் ஆற்றல் வழக்கமாகக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேரின் உயிரணுக்களுக்குள் அமிலத்தன்மை கூடும்போது, நீரை உள்ளே விடும் நுண்ணிய புரத வாயில்கள் அடைபடுகின்றன. தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் தக்காளிச் செடி, மழை சற்று ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் வாடித் தொங்குவதன் காரணம் இதுதான்.

இதே நேரத்தில் அடி இலைகள் மஞ்சளாகும். பலர் இதைப் பார்த்ததும் யூரியாவைத் தூவுகிறார்கள். ஆக்சிஜன் கிடைக்காத மண்ணில் சில பாக்டீரியங்கள் அதற்குப் பதிலாகத் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அவ்வாறு பயன்பட்ட தழைச்சத்து நைட்ரஜன் வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை நீர் அடிமண்ணுக்கு இழுத்துச் செல்கிறது. நீர் தேங்கியிருக்கும்போது போடும் உரத்தை எடுத்துக்கொள்ள வேருக்கும் ஆற்றல் இருப்பதில்லை. ஆகவே முதலில் நீர் வடிய வேண்டும், மண்ணுக்குள் காற்று திரும்ப வேண்டும், அதன் பிறகே உரத்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாச் செடிகளும் இதை ஒன்றுபோல எதிர்கொள்வதில்லை. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய் போன்ற திசு இருப்பதால் இலையிலிருந்து வேர்நுனி வரை ஆக்சிஜன் இறங்குகிறது. வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தை விரும்புபவை, சேப்பங்கிழங்கும் தாங்கும். கொல்லையில் நிற்கும் பப்பாளியோ இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே வேரழுகிச் சாய்ந்துவிடக்கூடியது. முருங்கைக்கும் இது ஆகாது. கத்தரியின் வேர் தக்காளியின் வேரைவிட ஈரத்தை நன்றாகத் தாங்கும் என்பதால், தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் மழைக்காலத்திற்காகக் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரிந்துரைத்தது. நம் வீட்டுத் தோட்டங்களிலும் அது செய்து பார்க்கத் தக்கது. ஒட்டுக்கட்ட இயலாதவர்களுக்கு மேட்டுப்பாத்திதான் நம்பகமான வழி. காவிரிப் படுகையின் களிமண்ணில் ஓர் அடி உயர மேடும், அதைச் சுற்றி ஒரு பக்கமாகச் சரிந்து வெளியேறும் வாய்க்காலும் இருந்தால், மழை நின்ற சில மணி நேரத்தில் வேர்ப்பகுதியின் பெரிய இடைவெளிகளில் காற்று மீண்டும் புகுந்துவிடும். வாய்க்காலுக்கு வெளியேறும் வாய் இல்லையென்றால் மேடு கட்டியும் பயனில்லை.

நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரி வால் போன்ற இழைகளைக் கொண்ட வித்துகளை வெளியிடுகிறது. அவை மண்ணிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று இளவேரைத் தேடிப் பிடிக்கின்றன. படலம் உடைந்தால் நீச்சலும் நின்றுவிடும். ஆகவே நாற்றுகளை நெருக்கி விதைக்காமல், கூரையின் கீழ் தட்டுகளில் வளர்த்து, பிறகு எடுத்து நடுவது நல்லது. மற்ற பல இலை நோய்கள் மழைத்துளி மண்ணில் மோதித் தெறிப்பதன் வழியாகவே மேலே ஏறுகின்றன. செடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்கு இட்டால் அந்தத் தெறிப்பு அடங்கும். தண்டை ஒட்டி மட்டும் இடக்கூடாது, அங்கு ஈரம் சேர்ந்து அழுகல் தொடங்கும்.

இனிக் கோழிக்கூடு. கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலமே அதன் சிறுநீர். உலர்ந்த நிலையில் அது கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். தரையில் பரப்பியுள்ள கூளத்தில் ஈரம் ஏறியதும் பாக்டீரியங்கள் விழித்துக்கொண்டு அதைப் படிப்படியாக அம்மோனியாவாக உடைக்கின்றன. அந்த வாயு கோழியின் மூச்சுக்குழலில் தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது, கண்ணின் மேற்படலத்தையும் அரிக்கிறது. காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருக்கக் கூடாது என்பது பண்ணைகளில் பின்பற்றப்படும் வரம்பு. கருவி ஏதும் வேண்டியதில்லை: காலையில் கூட்டைத் திறந்து குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுக்கும்போது மூக்கு எரிந்தால், இரவெல்லாம் அந்தக் கோழிகள் அதையே சுவாசித்திருக்கின்றன.

ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்பைத் தூவுவது வழக்கம். சுண்ணாம்பு கிருமிகளை அடக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதன் காரத்தன்மை, ஈரத்தில் கரைந்து அடங்கியிருக்கும் அம்மோனியத்தை வாயுவாக மாற்றி வெளியே தள்ளும். எனவே நனைந்த கூளத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டி அன்றிரவே கோழிகளை அடைப்பது தவறு என்பது என் கருத்து. நனைந்த பகுதியை வாரி எடுத்துவிட்டு, தரையில் சிறிது சுண்ணாம்பு தூவிக் காயவிட்டு, அதன்மேல் உலர்ந்த உமியையோ கடலைத் தோலையோ இரண்டு மூன்று அங்குலம் பரப்ப வேண்டும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சுவதால் வறண்ட நாட்களில் சிறந்தது. அடைமழையில் அதே குணம் ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். உமி நீரை அதிகம் உறிஞ்சாது, கிளறினால் எளிதில் காற்றோட்டம் பெறும். கூரைச் சாரல் உள்ளே வராதபடி தாழ்வாரத்தை இரண்டு அடி நீட்டுவது அவசியம். ஆனால் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி அடைத்தால் ஈரமும் அம்மோனியாவும் வெளியேற வழியிராது. கோழியின் தலைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும்.

இரத்தக் கழிச்சல் நோய் மழைக்காலத்தில் பெருகுவதும் இந்த ஈரத்தால்தான். அதை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறை எச்சத்தோடு வெளிவரும்போது நோய் பரப்பும் ஆற்றல் அற்றது. ஈரமும் வெதுவெதுப்பும் ஆக்சிஜனும் கிடைத்தால் ஓரிரு நாளில் அது முதிர்ந்துவிடும். நீரில் முழுதும் மூழ்கிய கூளத்தைவிட, நசநசவென்று ஈரமாக இருக்கும் கூளமே இதற்கு ஏற்றது. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளே பெரும்பாலும் மடிகின்றன. தண்ணீர்க் குவளையைச் சுற்றியுள்ள கூளத்தைத் தினமும் மாற்றுவதும், குவளையைக் கம்பித் தட்டின் மேல் வைப்பதும் எளிய வேலைகள். நோயின் சுழற்சியை உடைப்பவை அவையே. எச்சத்தில் இரத்தம் கண்டால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்கும், கொசுக்கள் வழியாகவும் பரவும் அம்மைக்கும் தடுப்பூசியை மழை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

தீவனத்தையும் கவனிக்காமல் விடலாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. அவற்றுக்குக் கொடுத்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர். அந்த நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் போகாது. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கோழிக்குப் போடாமல் எறிந்துவிடுவதே சரி.

கூட்டிலிருந்து வாரிய ஈரக் கூளத்தை நேரே கீரைப்பாத்தியில் கொட்டக் கூடாது. அதிலுள்ள குடல் கிருமிகளை மழைத்துளி கீரையின் இலைகளில் தெறிக்கவைக்கும்; அம்மோனியா இளவேரைக் கருக்கும். கூரையிட்ட ஓர் இடத்தில் சருகோடு கலந்து குவித்து, அவ்வப்போது கிளறி மட்கவிட்டால் தை மாதத்தில் அது நல்ல உரமாகியிருக்கும். மழைக்காலத்தில் கோழிகளை ஈரப்பாத்திகளில் மேயவிடுவதையும் தவிர்க்கலாம். அவை சீய்த்து மண்ணின் மேற்பரப்பைச் சேறாக்கி இடைவெளிகளை அடைத்துவிடும். நீர் நிறைந்த மண்ணிலிருந்து மேலே வரும் மண்புழுக்கள் சில குடற்புழுக்களின் முட்டைகளைச் சுமப்பவை என்பதால், மழை முடிந்ததும் கோழிகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது நல்லது.

கூளத்துக்கும் மண்ணுக்கும் ஒரே சோதனை போதும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரல்களைத் திறக்க வேண்டும். கூளம் லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. உருண்டையாகவே நின்றால் மாற்ற வேண்டும். மழை ஓய்ந்தபின் பாத்தி மண்ணின் உருண்டை, கட்டைவிரலால் அழுத்தும்போது பொலபொலவென்று உதிரும் நாள் வரை மண்வெட்டியை இறக்காமல் இருக்க வேண்டும். அதற்கு முன்பே கொத்தினால் களிமண் கட்டி கட்டியாக இறுகி, அடுத்த பட்டத்தின் வேர்களுக்கும் காற்று கிடைக்காமல் போகும்.